தூதரகக் கதவு யாருக்குத் திறக்கும்? அயல்நாட்டில் மரண தண்டனையை எதிர்நோக்கும் கைதியும் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவும்

தாமிரபரணியான்

கத்தாரில் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்டபோதும், ஏமன் தலைநகர் சனாவில் கேரளச் செவிலியர் ஒருவரின் தண்டனைக்கு 2025 ஜூலை 16 என்று நாள் குறிக்கப்பட்டு முந்தைய நாள் அது தள்ளிவைக்கப்பட்டபோதும், நம் தொலைக்காட்சிகள் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: நம் தூதரகம் என்ன செய்துகொண்டிருந்தது? தூதரகம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது, கைது செய்த நாடு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் பிரித்துப் பேசியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அதற்காகவே இந்த விவாத இழை.

1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்யும் நாடு, 'உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று தாமதமின்றி அவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தாமதமின்றித் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சிறையில் சந்திக்கவும், கடிதம் எழுதவும், வழக்கறிஞர் அமர்த்த ஏற்பாடு செய்யவும் இடம் தர வேண்டும். உள்நாட்டுச் சட்டப்படியே இவை நடக்கும் என்றாலும், அந்தச் சட்டம் இந்த உரிமையின் நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றும்படி இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவு கைது செய்த நாட்டின் கையைக் கட்டுகிறது. கைதியின் சொந்த நாட்டை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. கதவைத் திறந்துவைக்கக் காவலருக்குக் கடமை உண்டு, உள்ளே நுழையத் தூதரகத்துக்குக் கடமை இல்லை. உயிர் போகும் வழக்குகளில் பாதிக் குறை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சட்டக்கல்லூரிச் சாலை

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் முதல் பாதியை, அதாவது கைது செய்த நாட்டின் கடமையை, இவ்வளவு எளிதில் கடந்து போக முடியாது. அந்தக் கடமை மீறப்பட்டால் என்ன பரிகாரம் என்பதில்தான் கடந்த கால் நூற்றாண்டுச் சண்டையே நடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சுற்றியது.

லாகிராண்ட் சகோதரர்கள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஜெர்மன் குடிமக்கள், சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர்கள். 1982இல் அரிசோனாவில் ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியில் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். 1984இல் இருவருக்கும் மரண தண்டனை. ஜெர்மன் தூதரகத்துக்கு விஷயம் தெரிந்தது 1992இல். அதையும் அரிசோனா அதிகாரிகள் சொல்லவில்லை. தமக்கு இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று வேறு வழியில் அறிந்துகொண்ட சகோதரர்களே சொன்னார்கள். பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்த மீறலை எழுப்பியபோது கிடைத்த பதில், 'இதை மாநில விசாரணையின்போதே எழுப்பியிருக்க வேண்டும், இப்போது காலம் கடந்துவிட்டது' என்பது. உரிமை இருப்பதை யாரும் சொல்லாததால் கேட்கவில்லை. கேட்காததால் உரிமை போயிற்று. இப்படி ஒரு வட்டத்துக்குள் மனிதனைச் சுற்றவிட்டு அதற்கு நடைமுறை விதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் தம்பி இருவரில் கார்ல் 1999 பிப்ரவரி 24 அன்று கொல்லப்பட்டார். வால்டருக்கு மார்ச் 3 என்று நாள் குறித்திருந்தார்கள். ஜெர்மனி மார்ச் 2 மாலை தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் வாய்மொழி விசாரணைகூட நடத்தாமல் மறுநாளே தடை உத்தரவு பிறப்பித்தது. அன்றே வால்டர் நச்சுவாயு அறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2001 ஜூன் 27 அன்று வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களை உறுதி செய்தது: 36ஆம் பிரிவு நாடுகளுக்கு மட்டுமல்ல, தனிமனிதருக்கும் உரிமை தருகிறது, சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு நாடுகளைக் கட்டுப்படுத்தும். இரண்டுமே பெரிய வெற்றிகள். சகோதரர்கள் அப்போது உயிரோடு இல்லை.

சகோதரர்கள் கொல்லப்பட்டதற்கு முந்தைய ஆண்டில் பராகுவே நாட்டைச் சேர்ந்த ஏஞ்சல் பிரெயர்டுக்கும் இதுவே நடந்தது. 1998 ஏப்ரல் 9 அன்று தி ஹேக்கின் உத்தரவு. ஏப்ரல் 14 அன்று வர்ஜீனியாவில் தண்டனை நிறைவேற்றம். வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் மாநில ஆளுநருக்குத் தண்டனையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் எழுத, அதே அரசின் வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் 'தடை தரத் தேவையில்லை' என்று வாதிட்டார்கள்.

எதிர்க்கேள்வி

அமெரிக்காவைத் திட்டுவது எளிது. நான் ஒரு கசப்பான கேள்வி கேட்கிறேன். ஹூஸ்டனில் 1993இல் 14, 16 வயதுச் சிறுமிகள் இருவரைக் கூட்டாகச் சிதைத்துக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற ஹோசே மெடெயின், மெக்சிகோ குடிமகன்தான். ஆனால் சின்னஞ்சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து, அங்கேயே படித்து, ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். வாய்மூடி இருக்கும் உரிமை, வழக்கறிஞர் உரிமை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டன. அவருக்கு அது புரிந்தது. பிறகே வாக்குமூலம் தந்தார். மெக்சிகோ தூதர் வந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? சம்பிரதாயமான ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்ததற்காக அந்தச் சிறுமிகளின் பெற்றோர் பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டுமா? கடவுச்சீட்டு வேறு நிறத்தில் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்பது உள்ளூர்க் கைதிக்கு இழைக்கப்படும் அநீதி ஆகாதா?

சட்டக்கல்லூரிச் சாலை

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். அந்தக் குடும்பங்களின் துயரத்தை எந்த உடன்படிக்கையும் ஆற்றாது.

தூதரகம் என்ன செய்யும் என்பதற்கு மெக்சிகோவே சான்று. மரண தண்டனை வழக்குகளில் தன் குடிமக்களுக்கு உதவ 2000இல் அந்த நாடு ஒரு தனித்திட்டம் தொடங்கியது. வழக்கு தொடங்கும் முன்பே அரசு வழக்கறிஞரைச் சந்தித்து மரண தண்டனை கேட்க வேண்டாம் என்று பேசுவது அதன் முதல் வேலை. அடுத்தது, அரசு செலவில் அமர்த்தப்பட்ட, வேலைப்பளு மிகுந்த உள்ளூர் வழக்கறிஞருக்குத் துணை நிற்பது. குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த ஊருக்கு ஆள் அனுப்பி, பள்ளிப் பதிவேட்டைத் தேடி, சிறுவயதில் தலையில் அடிபட்டதா, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உண்டா என்று மருத்துவப் பதிவுகளைத் திரட்டி, தாயையோ ஆசிரியரையோ சாட்சிக் கூண்டுக்கு அழைத்து வருவது. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. எல்லை தாண்டிய ஊரில் இருக்கும் அவற்றை ஒரு டெக்சாஸ் வழக்கறிஞர் தேடிப் போவது அரிது. உள்ளூர்க் கைதிக்கு இந்தத் தாள்கள் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். ஆகவே இது கூடுதல் சலுகையல்ல, பள்ளத்தை நிரப்புவது.

மெடெயின் விஷயத்தில் கைதான உடன் சொல்லப்படாத செய்தி, அவரே 1997இல் சிறையிலிருந்து கடிதம் எழுதியபோதுதான் தூதரகத்துக்குத் தெரிந்தது. 2004 மார்ச் 31 அன்று அவேனா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், 51 மெக்சிகோ குடிமக்களின் வழக்கில் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லவில்லை; மீறலால் பாதிப்பு ஏற்பட்டதா என்று நீதிமன்றமே மீளாய்வு செய்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. உங்கள் 'என்ன மாறியிருக்கும்' என்ற கேள்வியை ஒரு நீதிபதி ஆராய வேண்டும் என்பதற்கு மேல் தி ஹேக் எதையும் கேட்கவில்லை. அதைக்கூட டெக்சாஸ் மறுத்தது. தீர்ப்பைச் செயல்படுத்தும்படி அதிபர் புஷ் 2005இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தினார். அதே ஆண்டு மார்ச்சில், இத்தகைய வழக்குகளைத் தி ஹேக்குக்குக் கொண்டுபோக வழிசெய்யும் விருப்ப நெறிமுறையிலிருந்து அமெரிக்கா விலகியும் கொண்டது. 2008 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாதவரை இத்தீர்ப்பு மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. ஆகஸ்ட் 5 அன்று தண்டனை நிறைவேறியது.

அதே பட்டியலில் இருந்த ஓஸ்பால்டோ டோரஸ் ஓக்லஹோமாவில் இருந்தார். அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது, ஆளுநர் 2004 மே மாதம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஒரே தீர்ப்பு, மாநில எல்லையைப் பொறுத்து ஒருவருக்கு உயிர், ஒருவருக்கு விஷ ஊசி.

மூதூரான்

வணக்கம். நான் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தவன். இழையைத் தொடக்கிய ஐயாவின் கருத்துக்கு எங்கள் ஊரே சாட்சி.

ரிசானா நபீக் மூதூர்ப் பிள்ளை. 2005 மே மாதம் சவூதியில் ஒரு வீட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போனார். கடவுச்சீட்டில் 1982ஆம் ஆண்டுப் பிறப்பு. பிறப்புச் சான்றிதழின்படி 1988. அதாவது பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்து மூன்று வயதாக்கி அனுப்பியவர்கள் எங்கள் பக்கத்து முகவர்கள். போய்ச் சில வாரங்களுக்குள், அவருடைய பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. புட்டிப்பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்பது அவருடைய விளக்கம். கழுத்தை நெரித்தார் என்பது வழக்கு.

இப்போது அந்த அறைக்குள் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கேட்பவர் அரபியில் கேட்கிறார். நடுவில் மொழிபெயர்த்தவர் முறையாக அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது பின்னர் மேன்முறையீட்டில் எழுந்த வாதம். பிள்ளை சொன்னது என்ன, அவர் விளங்கிக்கொண்டது என்ன, அரபியில் எழுதப்பட்டது என்ன என்று சரிபார்க்க ஒருவரும் இல்லை. அந்தத் தாளில் ஒப்பமிடப்பட்டது. அது குற்ற ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. அதைப் பின்னர் அவர் மறுத்தார். 2007 ஜூன் 16 அன்று தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கும்வரை அவருக்கு ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. பிறகு மேன்முறையீட்டுக்கான கட்டணத்தைத் திரட்டிக் கொடுத்தது இலங்கை அரசன்று, ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு.

பிறகு எல்லோரும் வந்தார்கள். ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டு எழுதினார், தூதுக்குழுக்கள் போயின, குழந்தையின் பெற்றோரிடம் மன்னிப்பு வாங்க முயன்றார்கள். அந்நாட்டுச் சட்டத்தில் கொலைக்கு ஈடாக உயிரைக் கேட்கவோ, மன்னிக்கவோ உரிமை பெற்றவர்கள் அவர்கள்தான், அவர்கள் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று வாளால் தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடாளுமன்றத்தில் ஒரு நிமிட மௌனம், தூதுவரைத் திருப்பி அழைத்தல் எல்லாம் அதன் பிறகு. இலங்கையில் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிட்டதில்லை. அந்த நாட்டின் பிள்ளைக்கு அயல்நாட்டில் இப்படி.

சகோதரர் 'எதிர்க்கேள்வி' அவர்களிடம் தாழ்மையாகக் கேட்கிறேன்: முதல் வாரத்திலேயே தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் பிறப்புச் சான்றிதழோடு அந்த அறைக்குள் இருந்திருந்தால், ஒன்றும் மாறியிருக்காது என்று உங்களால் சொல்ல முடியுமா?

எதிர்க்கேள்வி

சொல்ல முடியாது. மெடெயினைப் பற்றிய என் கேள்வி இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பதையும் ஏற்கிறேன். அது தனி வழக்கு என்பது மட்டும் என் நிலை.

கடலோரம்

ராமநாதபுரத்துக்காரன் என்ற முறையில் ஒன்று. தங்கச்சிமடம் பகுதி மீனவர் ஐவர் 2011 நவம்பரில் பிடிக்கப்பட்டு, ஹெராயின் கடத்தியதாக 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றத்தால் தூக்குத் தண்டனை பெற்றார்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். சுமார் மூன்று வாரத்தில் அதிபர் மகிந்த ராஜபக்சேயின் மன்னிப்பில் ஐவரும் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காக இந்தியத் தூதரகம் வழக்கறிஞர் வைத்தது, மேல்முறையீட்டுக்குப் பணம் கொடுத்தது, பிறகு மன்னிப்புக்காக அந்த மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது.

மகிழ்ச்சிதான். ஆனால் அதே வழக்கில் தண்டனை பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் மூவருக்காகத் தண்டவாளத்தில் உட்கார யாரும் இல்லை. எங்கள் ஐவர் மீண்டது 36ஆம் பிரிவினாலா, ஊர் கொதித்ததாலா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் இரண்டாவது.

ஈப்போ வாசகர்

மலேசியாவிலிருந்து சுருக்கமாக. எங்கள் ஈப்போவின் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரில் பிடிபட்டார். அங்கே 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே பதிவானது. வழக்கறிஞர்கள் இருந்தார்கள், எங்கள் பிரதமரே சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், உலகம் முழுவதும் குரல் கொடுத்தது. 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கியில் தூக்கிலிட்டார்கள். தூதரகத் தொடர்பு முழுமையாக இருந்தாலும், சட்டம் நீதிபதியின் கையைக் கட்டியிருந்தால் என்ன பயன் என்பதையும் இந்த இழை கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாமிரபரணியான்

மூதூரான் அவர்களின் பதிவுக்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் ஜாதவ் வழக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சொந்த நாடு முழு மூச்சோடு இறங்கினால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்ற இரண்டும் அதில் தெரிகின்றன.

இந்தியரான குல்பூஷண் ஜாதவ், ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் 2016 மார்ச் 3 அன்று பிடிக்கப்பட்டதாகப் பாகிஸ்தான் சொல்கிறது. இந்தியாவுக்குத் தெரிவித்தது மார்ச் 25. ராணுவ நீதிமன்றம் 2017 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தது. அதுவரை ஓர் இந்திய அதிகாரிகூட அவரைப் பார்க்க விடப்படவில்லை. இரு நாடுகளும் விருப்ப நெறிமுறையில் இருந்ததால் இந்தியா மே 8 அன்று தி ஹேக்குக்குப் போக முடிந்தது. பத்தே நாளில் தடை உத்தரவு. பாகிஸ்தானின் வாதங்கள் சாதாரணமானவை அல்ல: ஒற்றருக்கு 36ஆம் பிரிவு பொருந்தாது, தவிரவும், 2008இல் இரு நாடுகளும் செய்துகொண்ட தூதரகத் தொடர்பு ஒப்பந்தம், பாதுகாப்புக் காரணமான கைதுகளைத் தனித்தனியே தகுதி பார்த்து முடிவு செய்ய இடம் தருகிறது. 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் 15க்கு 1 என்ற கணக்கில் இரண்டையும் தள்ளியது. ஒற்றர் என்று குற்றம் சாட்டிவிட்டால் உரிமை போய்விடும் என்றால், எந்த நாடும் யாரையும் ஒற்றர் என்று சொல்லி வேலையை முடித்துவிடலாமே.

ஆனால் இந்தியா கேட்ட விடுதலையும் தண்டனை ரத்தும் கிடைக்கவில்லை. அதே மீளாய்வும் மறுபரிசீலனையும்தான். 2019 செப்டம்பர் 2 அன்று இந்திய அதிகாரி அவரைச் சந்தித்தார்; தடையற்ற சந்திப்பு தரப்படவில்லை என்று இந்தியா பிறகும் முறையிட்டது. பாகிஸ்தான் 2021இல் மீளாய்வுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. உயிர் இருக்கிறது, சிறையும் இருக்கிறது.

சனா வழக்கில் நிலை இன்னும் மோசம். தலைநகரை ஆளும் ஹூதி கிளர்ச்சியாளர்களை இந்தியா அரசாக ஏற்கவில்லை, அங்கே நம் தூதரகமும் இல்லை. 36ஆம் பிரிவைப் படித்துக் காட்டுவதற்கு எதிரே ஓர் அரசு வேண்டும் அல்லவா?

எதிர்க்கேள்வி

சரி, கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம். நாமும் தூக்கு வைத்திருக்கும் நாடுதான். அஜ்மல் கசாப் தூதரக உதவி கேட்டு எழுதிய கடிதத்தை 2008 டிசம்பரில் இந்தியா பாகிஸ்தான் தூதரகத்திடம் கொடுத்தது. அவர் தம் குடிமகனே அல்லர் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்த பாகிஸ்தான், மறு மாதம்தான் ஒப்புக்கொண்டது. இந்த இடத்தில் இந்தியா கதவைத் திறந்தது, அந்த நாடு நுழையவில்லை. இழையைத் தொடங்கியவரின் கருத்துக்கு நானே சான்று தருகிறேன் பாருங்கள்.

இன்னொரு சிக்கலையும் யாரும் தொடவில்லை. சொந்த அரசிடமிருந்தே தப்பி ஓடி வந்தவருக்குத் தூதரகம் பாதுகாப்பா, ஆபத்தா? ஈழத்திலிருந்து வந்து இங்கே வழக்கில் சிக்கிய பலருக்கு, இலங்கைத் தூதரகத்துக்குத் தகவல் போவதே அச்சமாக இருந்திருக்கும்.

சட்டக்கல்லூரிச் சாலை

அதனால்தான் 36ஆம் பிரிவு 'அவர் கேட்டால்' என்று வைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதும் அவருடைய உரிமை. சீனா, பிரிட்டன் போன்ற நாடுகள் அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தம் செய்திருப்பதால், அவற்றின் குடிமக்கள் கைதானால் அங்கே விருப்பம் கேட்காமலே தகவல் போகும். அகதிக்கு அது இடர்தான். மறுபக்கம், தூதரகத்தை அண்டாமலும் இருக்க முடியாது. ராஜீவ் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுளாகக் குறைந்து, 2022 நவம்பரில் விடுதலையான சாந்தன் இலங்கைக் குடிமகன். திருச்சி சிறப்பு முகாமில் பயண ஆவணத்துக்காகக் காத்திருந்து, ஊர் போய்ச் சேராமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் இறந்தார்.

இழையின் மையக் கேள்விக்கு வருகிறேன். சொந்த நாட்டின் உதவியை உரிமையாகக் கேட்க முடியுமா? தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2004 ஆகஸ்டில் கவுண்டா வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஜிம்பாப்வேயில் பிடிபட்ட 69 தென்னாப்பிரிக்கர்கள், ஈக்குவடோரியல் கினியாவுக்கு அனுப்பப்பட்டால் மரண தண்டனை வரும் என்று அஞ்சி, தம் அரசு தலையிட ஆணையிடக் கோரினார்கள். அரசை இன்ன விதமாகப் பாதுகாப்புத் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் உதவி கோர குடிமகனுக்கு உரிமை உண்டு, அந்தக் கோரிக்கையை அரசு முறையாகப் பரிசீலித்தாக வேண்டும், பரிசீலிக்காமல் விட்டாலோ பகுத்தறிவுக்கு ஒவ்வாமல் மறுத்தாலோ நீதிமன்றம் கேட்கலாம் என்றது தீர்ப்பு. முழுக் கதவு இல்லை, ஒரு சாளரம். நம் நாட்டில் அந்தச் சாளரத்தையாவது சட்டமாக எழுதிவைக்க வேண்டும்: கைதுச் செய்தி வந்த எத்தனை நாளில் அதிகாரி நேரில் பார்க்க வேண்டும், கைதியின் மொழி பேசும் ஆள் உடன் போகிறாரா, வழக்கறிஞர் கட்டணம் எந்தக் கட்டத்திலிருந்து தரப்படும் என்று. வெளிநாடுவாழ் இந்தியர் நல நிதி 2009 முதல் இருக்கிறது, சட்ட உதவிக்கும் அதில் இடமுண்டு. ஆனால் தருவது அதிகாரியின் முடிவு.

புதிய உறுப்பினர்_கும்பகோணம்

பெரியவர்களுக்கு வணக்கம். என் உறவினர் வளைகுடாவில் ஒரு சாவு வழக்கில் கைதாகியிருக்கிறார். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. அவருடைய நிறுவனம் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறது. நாங்கள் என்ன செய்வது?

சட்டக்கல்லூரிச் சாலை

தம்பி, நிறுவனத்தின் வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். வழக்கில் அவர்களுடைய நலனும் உங்கள் உறவினருடைய நலனும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்றே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் அதே எண்ணோடு எழுத்தில் அனுப்புங்கள். கடவுச்சீட்டு நகல், பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஏதாவது மருத்துவச் சிகிச்சை நடந்திருந்தால் அந்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: அதிகாரி நேரில் சந்திக்க வேண்டும், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அதிகாரிகளிடம் தூதரகம் எழுத்தில் கேட்க வேண்டும். பெயர், வழக்கு விவரம் எதையும் இந்தப் பொது இழையில் போடாமல் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

மூதூரான்

அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் அதையும் மறைக்காமல் தூதரகத்துக்குச் சொல்லுங்கள், தம்பி. எந்தத் திகதியில், யார் மொழிபெயர்த்தார் என்று அவருக்கு நினைவிருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.